வாக்குச்சீட்டில் நாம் தாண்டிப்போகும் ஷெரீப் பதவி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கச் செய்திகளைத் தரும் தமிழ் நாளிதழ்கள் ‘ஷெரீப்’ என்பதைப் பெரும்பாலும் ‘காவல்துறை அதிகாரி’ என்றே மொழிபெயர்த்துவிடுகின்றன. சென்னையில் ஒரு காலத்தில் இருந்த ஷெரீப் பதவி கௌரவப் பதவியாக மட்டுமே இருந்ததால், மூத்த வாசகர்களில் சிலர் இதையும் அதுபோலவே எண்ணிக்கொள்வதுண்டு. இரண்டுமே பொருந்தாது. அமெரிக்காவில் ஏறத்தாழ 3,000 ஷெரீப்புகள் இருக்கிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்தந்தக் கவுண்டி (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) மக்கள் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவர்கள். நகரக் காவல்துறைத் தலைவரை நகர நிர்வாகம் நியமிக்கவும் நீக்கவும் முடியும். ஷெரீப்பை அவ்வாறு எளிதில் நீக்க இயலாது. நகர எல்லைக்கு வெளியே ரோந்து, நீதிமன்றப் பாதுகாப்பு, சம்மன் சார்வு செய்தல் (உரியவரிடம் சேர்ப்பித்தல்), வீட்டைக் காலி செய்யவைக்கும் ஆணையை நிறைவேற்றுதல், இவை அனைத்தையும்விடப் பெரிதாகக் கவுண்டி சிறையை நடத்துதல் ஆகியவை பெரும்பாலான மாநிலங்களில் அவர் பொறுப்பில்தான் உள்ளன.

இந்த அலுவலகங்களின் நவீன வளர்ச்சி என்றால் வானொலித் தொடர்பு, ஹெலிகாப்டர், கணினி, 1968-இல் அலபாமாவின் ஹேலிவில் ஊரில் தொடங்கிய 911 அவசர அழைப்பு ஆகியவையே முதலில் நினைவுக்கு வருகின்றன. அவை தேவையானவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டியில் வாக்குரிமையோடு வாழும் தமிழன் என்ற முறையில் நான் சொல்ல விரும்புவது, ஷெரீப் யாருக்குக் கணக்குக் காட்ட வேண்டியவர் என்பது மாறியபோதுதான் அந்த அலுவலகம் உண்மையில் நவீனமானது என்பதே.

பணத்தையே எடுத்துக்கொள்வோம். முற்காலத்தில் பல இடங்களில் ஷெரீப்புக்கு நிலையான சம்பளம் கிடையாது. சார்வு செய்த ஆவணத்துக்கு இவ்வளவு, அடைத்து வைத்த கைதிக்கு இவ்வளவு என்று கட்டணமே வருமானம். ஆள் அடைபட்டால் வருமானம் கூடும் என்ற அந்த ஏற்பாடு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அலபாமாவே சான்று. கைதிகளின் உணவுக்கு அரசு தந்த பணத்தில் மிஞ்சியதை ஷெரீப்பே வைத்துக்கொள்ளலாம் என்று 1939-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றைப் பல ஷெரீப்புகள் பொருள்கொண்டிருந்தார்கள். மார்கன் கவுண்டி ஷெரீப் 3 ஆண்டுகளில் சுமார் 2,12,000 டாலரை இவ்வாறு எடுத்துக்கொண்டது 2009-இல் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வெளிவந்தபோது, நீதிபதி அவரையே ஓர் இரவு சிறையில் வைத்தார். அதன் பிறகும் எட்டோவா கவுண்டி ஷெரீப் 7,50,000 டாலருக்கு மேல் எடுத்துக்கொண்டது 2018-இல் செய்தியானது. அந்த வழியை அடைக்கும் சட்டம் வந்தது 2019-இல்தான். கைதியின் தட்டிலிருந்து எடுத்த பணம் எண்பது ஆண்டுகள் சட்டத்தின் நிழலில் நின்றது என்பதை நினைக்கும்போது, புதிய ரோந்து வண்டிகளைக் காட்டி முன்னேற்றம் என்று சொல்வதை என்னால் ஏற்க இயலவில்லை.

வாக்குரிமை செய்த மாற்றமும் சிறியதன்று. 1965 மார்ச் 7 அன்று அலபாமாவின் செல்மாவில் கறுப்பினத்தவருக்கு வாக்குரிமை கேட்டு அமைதியாக நடந்து சென்றவர்களை மாநிலக் காவலர்களோடு சேர்ந்து தாக்கியவர்கள், டாலஸ் கவுண்டி ஷெரீப் ஜிம் கிளார்க்கின் ஆட்கள். அதே ஆண்டில் வாக்குரிமைச் சட்டம் நிறைவேறியது. அடுத்த ஆண்டே கிளார்க் தேர்தலில் தோற்றார். அதே 1966-இல் அதே மாநிலத்தின் மேக்கன் கவுண்டியில் லூசியஸ் அமெர்சன் வென்று, உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய மறுசீரமைப்புக் காலத்துக்குப் பின் தென்மாநிலங்களில் ஷெரீப்பான முதல் கறுப்பினத்தவர் ஆனார்.

ஆயினும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் தேர்தல் மட்டும் போதாது என்பதை எங்கள் கவுண்டி கண்டுவிட்டது. ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் வாழும் இங்கு, 1954-இல் உருவான லேக்வுட் நகரம் தனக்கென்று காவல்துறை அமைக்காமல் ஷெரீப் துறையோடு ஒப்பந்தம் செய்துகொண்டது; இன்று 88 நகரங்களில் ஏறக்குறைய பாதி அதே வழியில் நடக்கின்றன. துறை இப்படிப் பெருகிய அளவுக்குக் கண்காணிப்புப் பெருகவில்லை. சிறைகளில் நடந்த வன்முறை குறித்த எஃப்.பி.ஐ. விசாரணையைத் தடுத்த வழக்கில், முன்னாள் ஷெரீப் லீ பாக்காவுக்கு 2017-இல் 3 ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டில்தான் பொதுமக்கள் மேற்பார்வை ஆணையம் உருவாகியிருந்தது. ஆவணங்களையும் சாட்சிகளையும் வரவழைக்கும் அதிகாரத்தை 2020-இல் வாக்காளர்களே அதற்கு அளித்தார்கள். தக்க காரணம் இருந்தால், கவுண்டியை ஆளும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஐந்து மேற்பார்வையாளர்களில் நான்கு பேர் சேர்ந்து ஷெரீப்பை நீக்கலாம் என்ற திருத்தத்தையும் 2022-இல் நிறைவேற்றினார்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவரை நீக்கும் அதிகாரம் வேறொருவருக்கு இருப்பது மக்கள் தீர்ப்பைக் குறைக்கும் என்ற எதிர்ப்பு வந்தது; அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் சிறைக்குள் இருப்பவர்களுக்கு அடுத்த தேர்தல் வரை காத்திருக்கும் வசதி இல்லை என்பதால், நான் அத்திருத்தத்தை ஆதரித்தே வாக்களித்தேன்.

தேர்தலே வேண்டாம் என்ற முடிவுக்கும் நான் வரவில்லை. கனெக்டிகட் 2000-இல் கவுண்டி ஷெரீப் பதவியை ஒழித்தது. புளோரிடாவிலோ 2018-இல் நிறைவேறிய அரசமைப்புத் திருத்தத்தால், பல பத்தாண்டுகளாக நியமன அதிகாரியின் கீழ் இருந்த மயாமி-டேட் கவுண்டிக்கு 2025 ஜனவரியில் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஷெரீப் கிடைத்தார். மக்கள் விரும்பி மீட்கும் பதவி அது. அதனால்தான் அதற்கு வேட்பாளராக நிற்பவரின் சிறை நிர்வாகக் கொள்கையை நாம் கேட்டறிய வேண்டும் என்கிறேன்.

நான் அறிந்த தமிழ்க் குடும்பங்கள் பல, பெரிய பதவிகளுக்குக் குறியிட்டுவிட்டு, ஷெரீப் வரியை வெறுமையாக விட்டு வாக்குச்சீட்டை அனுப்பிவிடுகின்றன. அமெரிக்கத் தேர்தல்களுக்குப் பக்கங்களை ஒதுக்கும் தங்கள் நாளிதழ், கவுண்டிப் பதவிகளின் கடமைகளையும் தமிழில் விளக்கி எழுதினால் பெரிதும் பயன்படும். எங்கள் மேற்பார்வை ஆணையத்தின் கூட்டங்கள் பொதுமக்கள் வந்து பேசலாம் என்ற விதியோடு நடக்கின்றன என்பதையும் அதில் சேர்த்து எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டி, கலிபோர்னியா.