சுரியைக் கிளறுமுன்

திருகோணமலை,
ஞாயிறு இரவு.

மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று கிழமை ஆகிவிட்டது. பதில் போடாததற்கு முழங்கால் வலியைச் சாட்டாகச் சொல்லலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் அதே முழங்காலோடு வள்ளத்தில் ஏறி இறங்கின கதையைத்தான் கீழே எழுதப்போகிறேன், நீ நம்பமாட்டாய். வீட்டில் எல்லோரும் சுகம். மகளுக்கு மட்டக்களப்புக்கு மாற்றம் கிடைத்துவிட்டது. நாங்கள் ஊஞ்சல் கட்டி ஆடிய வேம்பு போன மாரியில் சாய்ந்து விழுந்தது, சொல்ல மனம் வரவில்லை, சொல்லிவிட்டேன். கிண்ணியா நானா இன்னும் கடலுக்குப் போகிறார். உன்னை விசாரித்தார். "அவன் ஒல்லாந்தில் மீன் தின்கிறானா, இல்லை உருளைக்கிழங்கோடு சரியா?" என்று கேட்டார். பதிலை நீயே எழுது.

ஓய்வு எடுத்தவனைச் சும்மா இருக்க விடமாட்டார்கள் போலிருக்கிறது. உட்துறைமுகத்துக்குள் ஒரு சின்ன இறங்குதுறைக்கு முன்னால் ஆழப்படுத்தப் போகிறார்களாம். எது என்று எழுதவில்லை, நீ ஊகித்துக்கொள்வாய். ஆழத்துக்குப் பெயர்போன எங்கள் துறைமுகத்தில் தூர்வாரலா என்று நீ சிரிப்பது இங்கே கேட்கிறது. ஆழமெல்லாம் நடுவில்தானே. கரையோரக் குடாக்களுக்குள் ஒவ்வொரு மாரியும் ஊர்த் தண்ணீர் கொண்டுவந்து கொட்டுவது அப்படியே தங்கிவிடுகிறது. எங்கள் கடலில் வற்றுப்பெருக்கு முக்கால் மீற்றர்கூட வராது. அதை அடித்துக்கொண்டு போக ஆள் இல்லை.

நான் பழைய அளவை வள்ளத்துக்காரன் என்பதால் மீனவர் சங்கத்தார் வந்து, "ஐயா, தோண்டுகிற சுரியை, அந்தக் கடலடிச் சேற்றை, எங்கே கொண்டுபோய்ப் போடப் போகிறார்கள் என்று ஒருக்கால் கேட்டுச் சொல்லுங்கோ" என்றார்கள். கேட்டேன். மூன்று பேரிடம் கேட்டேன், மூன்று பதில் வந்தது. அப்போதே எனக்கு வயிற்றைக் கலக்கியது, காரணம் உனக்குத் தெரியும்.

தெரியாவிட்டால் சொல்கிறேன், இதை நான் உனக்கு முழுதாக எழுதினதில்லை. நான் வேலையில் இருந்த காலத்தில் இன்னொரு சின்னத் துறையைத் தோண்டினார்கள். மாதிரி எடுத்துக் கொடுத்தவன் நான். கயிற்றில் இறக்குகிற இரும்புக் கவ்வியைப் போட்டு அள்ளினேன். அது மேலே இருக்கிற பத்துச் சென்ரிமீற்றரை மட்டும்தான் கவ்வும். மேலே கிடந்தது போன மாரியில் வந்த புது வண்டல். அது சுத்தமாக இருக்காமல் என்ன செய்யும்? ஆய்வு முடிவு நல்லபடி வந்தது, கையெழுத்துப் போட்டேன். அவர்கள் தோண்டினதோ இரண்டு மீற்றர். கீழே இருந்து எண்ணெய் மணத்தோடு கருப்பாக வந்ததைக் கரைக்குப் பின்னால் வெறும் காணியில் குவித்தார்கள். வறண்ட கச்சான் காற்று வீசின இரண்டு மாதத்தில் காய்ந்து வெடித்தது. வெடிப்புக்குள் மஞ்சள் தூவினது போல ஒரு படிவு வந்தது. அழகாகக்கூட இருந்தது. அது கந்தகம் புளித்து அமிலமானதன் அடையாளம் என்று பிறகுதான் படித்தேன். மழை வந்ததும் குவியலில் இருந்து ஊறின தண்ணீர் பக்கத்து வளவுக்குள் இறங்கி வாழையும் முருங்கையும் பட்டுப்போயின. பாதிக்கு உப்பு காரணம், மிச்சத்துக்கு எது என்று யாரும் பார்க்கவில்லை. அந்த வீட்டு அம்மா என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, பட்டுப்போன முருங்கையை மட்டும் காட்டினார்.

அதனால் இந்த முறை கவ்வி வேண்டாம் என்று இரண்டு அங்குலப் பிவிசி குழாய் ஒன்றை வாங்கிக்கொண்டு நானாவின் வள்ளத்தில் போனேன். நானாவின் மகன் தண்ணீருக்குள் குதித்துக் குழாயை நிமிர்த்திப் பிடித்தான். மேலே இருந்து மரக்கட்டையால் அடித்து ஒன்றரை மீற்றர் இறக்கினோம். மேல்வாயை மூடி இறுக்கிவிட்டு இழுத்தால் உறிஞ்சிப் பிடித்தபடி சுரி குழாயோடு வந்துவிடும். வீட்டு விறாந்தையில் பத்திரிகைத்தாள் விரித்து, வாளால் நீளவாக்கில் அறுத்துப் பிளந்தேன்.

மச்சான், நீ பார்த்திருக்க வேண்டும். மேலே ஒரு விரல் தடிப்புக்குத் தவிட்டு நிறம். அதற்குக் கீழே மை மாதிரிக் கருப்பு, கூழ்முட்டை மணம், தொட்டால் வெண்ணெய் போல வழுக்கும். அதற்குள் ஒரு கயிற்றுத் துண்டு, ஒரு போத்தல் மூடி, செம்மை நிறத்தில் பெயின்ற் செதில்கள். அடியில் ஒரு சாண் அளவுக்குச் சாம்பல் நிறக் களி, அதற்குள் முழுசாக மட்டிச் சிப்பிகள். அந்தக் களிதான் கப்பல்காரர் எவரும் வருமுன் இருந்த கடல். இரவு குழாயை அப்படியே மூடாமல் விட்டுவிட்டு நித்திரைக்குப் போனேன். விடிய எழும்பிப் பார்த்தால் காற்றுப்பட்ட மேல்முகத்துக் கருப்பு முழுக்கப் பழுப்பாக மாறியிருக்கிறது.

இந்த நிறமாற்றம்தான் முழு விஷயமும். சுரிக்குள் காற்று இல்லாத இடத்தில் இரும்பும் கந்தகமும் சேர்ந்து கருப்பாகக் கிடக்கும். செம்பு, ஈயம், துத்தநாகம், கட்மியம் எல்லாம் கந்தகத்தோடு ஒட்டிக்கொண்டு பேசாமல் கிடக்கும். கிளறிக் காற்றுப்பட வைத்தால் அந்தப் பிடி விடும், உலோகம் தண்ணீருக்குள் இறங்கும். கிடக்கிற வரைக்கும் பெரிய தொல்லை இல்லாத சாமானை நாமே எழுப்பிவிடுகிறோம். உலோகத்தோடு முடியவில்லை. கப்பல் அடியில் பாசி பிடிக்காமல் பூசினார்களே, திரிபியூற்றைல் தகரம் கலந்த பெயின்ற், அதை 2008 இலிருந்து கப்பல்களில் இருக்கவே கூடாது என்று உலகம் முழுக்கத் தடுத்துவிட்டார்கள். ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு கிராமின் நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே சில பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைக்கத் தொடங்கிவிடும் என்று கண்டிருக்கிறார்கள். தடை வந்தது கப்பலுக்கு. காற்றில்லாத சுரிக்குள் அது பல வருடம் அப்படியே கிடக்கும்.

எங்கள் குடாவுக்குள் என்னென்ன விழுந்திருக்கும் என்று சும்மா எண்ணிப் பார். நீராவிக் கப்பல் காலத்து நிலக்கரி. சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகள். 1942 ஏப்ரல் 9 இல் ஜப்பான்காரன் குண்டு போட்டு எரிந்த சகாயிங் கப்பல், அதைக் கடற்படை 2018 இல்தான் தூக்கியது. 1944 ஆகஸ்டில் வேலியன்ற் போர்க்கப்பலை ஏந்தியபடி மிதக்கும் கப்பல்தளம் தாழ்ந்துபோனது. 1957 வரைக்கும் பிரித்தானியக் கடற்படை. இதில் எது நான் அறுத்த குழாய்க்குள் வந்திருக்கிறது என்று ஆய்வுகூடம் சொல்லட்டும். முடிவு இன்னும் வரவில்லை. வருவதற்கு முன்னால் நஞ்சு நஞ்சு என்று கத்துகிறவர்களோடும் எனக்குச் சரிவராது, ஒன்றுமில்லை என்று தட்டிவிடுகிறவர்களோடும் சரிவராது.

சங்கத்துக் கூட்டத்தில் ஒரு பொறியியலாளர் பெடியன் வந்து கதைத்தான். நல்ல பெடியன், கேள்வி கேட்டால் முகம் சுழிக்கவில்லை. வாய் இறுக மூடுகிற கவ்வி போடுவோம், கலங்கல் பரவாமல் சுற்றிவரத் திரை கட்டுவோம் என்றான். இரண்டும் நல்லதுதான். உட்துறைமுகத்துக்குள் ஓட்டம் மெதுவென்பதால் திரை நிற்கும். ஒரு நொட்டுக்கு மேல் ஓட்டம் போகிற இடத்தில் அது பாவாடை போல் எழும்பிவிடும், அடியால் எல்லாம் போய்விடும். நான் கேட்டது வேறு: சுரி ஏற்றுகிற பார்ஜில் மேலே வழிகிற தண்ணீர்? கனமீற்றர் கணக்கில் காசு வாங்குகிறவனுக்குத் தண்ணீரைச் சுமந்துகொண்டு போக விருப்பம் இராது. வழியவிட்டுச் சுரியைக் கெட்டியாக்கத்தான் பார்ப்பான். வழிகிற தண்ணீரோடு போவதுதான் மிக மெல்லிய பொடி, 63 மைக்ரோனுக்குக் கீழ். நஞ்சு முக்கால்வாசியும் ஒட்டிக்கிடப்பது அதில்தான், மணலில் இல்லை.

இதைச் சங்கத்துப் பெண்களுக்கு விளங்கப்படுத்த அரிக்கன்சட்டியைச் சொன்னேன். அரிசியை அரித்து எடுத்தால் கல்லும் மணலும் சட்டி வரியில் தங்கும், இலேசானது தண்ணீரோடு போகும். தோண்டின சுரியையும் அப்படிச் சுழற்றிப் பிரிக்க இயந்திரம் இருக்கிறது. மணல் தனியாக வந்துவிட்டால் கட்டட வேலைக்குக்கூட ஆகும், பத்திரமாகப் போட்டு மூட வேண்டிய பங்கு அந்த அளவுக்குக் குறையும். "அப்ப கல்லைத்தான் வைச்சுக்கொள்ள வேணும், அரிசியைத்தான் எறிய வேணுமா" என்று ஒருத்தி கேட்டாள். கூட்டம் சிரித்தது. ஆனால் சரியாகப் பிடித்துவிட்டாள்.

பிறகு வந்தது எனக்குக் கோபம் வந்த பேச்சு. எங்கள் வாசலிலேயே உலகத்தில் பெரிய கடலடிப் பள்ளத்தாக்குகளில் ஒன்று இருக்கிறதே, கொட்டியாரக் குடாவிலிருந்தே இறங்குகிறதே, அதில் கொட்டினால் என்ன என்று ஒருவர் எழும்பிக் கேட்டார். பலர் தலையாட்டினார்கள். பள்ளம் என்றால் குழி என்று நினைக்கிறார்கள். அது குழி அல்ல, சறுக்கு. மகாவலி கொண்டுவருகிற வண்டல் சறுக்கிக்கொண்டு ஆழ்கடலுக்குப் போகிற வழி. போட்டது போட்ட இடத்தில் நிற்காது. நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்க நானா குறுக்கிட்டார்: "நீங்கள் பள்ளம் என்கிறது எங்களுக்கு ஓடை. வலையைக் கேளுங்கோ, தண்ணி எந்தப் பக்கம் இழுக்குது என்று அது சொல்லும்." அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. வசந்தத்தில் அந்த ஆழத்துக்கு மேலேதான் நீலத் திமிங்கிலம் வந்து மூச்சு விடுகிறது, அதைப் பார்க்க நிலாவெளியில் போட் எடுக்கிற சனமே இந்த யோசனைக்குத் தலையாட்டினது.

சரி, எங்கே போடுவது? ஜப்பானின் மினமாட்டா குடாவை நினைத்துக்கொண்டு பேசினேன். பாதரசம் 25 பிபிஎம்முக்கு (பத்து இலட்சத்தில் 25 பங்கு) மேல் இருந்த சேற்றை 1977 முதல் 1990 வரை எடுத்தும், கிடந்தபடியே மண் போட்டு மூடியும் 58 ஹெக்டேயர் கரையாக்கினார்கள். அங்கே இப்போது பூங்கா. பதின்மூன்று வருடம். அவசரப்படாமல் செய்தார்கள், அந்தக் காலம் முழுக்க மீன் வெளியே போகாமல் குடா வாயில் வலைகூடக் கட்டியிருந்தார்கள். பொஸ்டனில் கடலடியிலேயே குழி தோண்டி, கெட்டதை அதற்குள் இறக்கி, மேலே நல்ல மணல் போட்டார்கள். எங்களுக்கு அது சரிவருமா என்றால் நங்கூரம் போடாத மூலை ஒன்று வேண்டும். சிமெந்து கலந்து இறுக்குவதும் ஒரு வழி, ஊரிலேயே சிமெந்து ஆலை இருக்கிறது. ஆனால் சிமெந்தின் காரத்தில் ஈயம் மாதிரி ஒன்றிரண்டு இளகிவிடும், சோதித்துப் பார்க்காமல் நம்பக் கூடாது.

உன் பக்கத்து ஸ்லூஃப்டர் சேற்றுக் குழியைப் பற்றியும் சொன்னேன். சைக்கிளில் போய்ப் பார்த்து, "கடலுக்குப் பக்கத்தில் இன்னொரு கடல் மாதிரி இருக்கு" என்று நீ எழுதினாயே, அந்தக் கடிதத்தை வாசித்தே காட்டினேன். 1987 இல் றொட்டர்டாம்காரர் கட்டின அந்தக் குழிக்கு 15 கோடிக் கன மீற்றர் கொள்ளும். அளவு எனக்குப் பெரிதாகப் படவில்லை. குழியைக் கட்டினதோடு நிற்காமல் றைன் ஆற்றில் மேலே ஏறிப் போய், எந்த ஆலை எதை விடுகிறது என்று அளந்து, ஆளாளிடம் உடன்பாடு வாங்கினார்கள். அதனால் குழி நினைத்ததைவிட மெதுவாக நிரம்புகிறது. இங்கே நாங்கள் துறையைத் தோண்டிவிட்டு, அதற்குள் இறங்குகிற வாய்க்காலைப் பார்க்காமல் விட்டால் என் பேரன் இன்னொரு குழாயோடு வர வேண்டியதுதான்.

என் கட்சி இதுதான், அவர்களிடமும் சொல்லிவிட்டேன். போடுகிற இடத்துக்குக் காசு ஒதுக்கி, அந்த இடம் கட்டி முடிந்த பிறகுதான் தோண்டுகிற இயந்திரம் வர வேண்டும். ஆழம் போதுமான இடத்தில் கை வைக்கக் கூடாது, கிடக்கட்டும். வேலையைக் கச்சான் மாதங்களில் செய்ய வேண்டும். மாரியில் குடா முழுக்கக் கலங்கல், யார் கலக்கினார்கள் என்று கண்டுபிடிக்க முடியாது. ஒப்பந்தக்காரர் மாரியைத்தான் விரும்புவார் என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். கடல் சுற்றாடல் பாதுகாப்பு அதிகாரசபைக்கு 2008 ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. சங்கம் கடிதம் எழுதப்போகிறது, வரைவு நான்தான் போட்டுக் கொடுத்தேன். பெடியனும் அதை வாங்கி வாசித்து, ஒன்றரை மீற்றர் குழாய் போதாது, தோண்டுகிற ஆழத்துக்கும் கீழே அரை மீற்றர் போக வேண்டும் என்று திருத்தினான். சொன்னேனே, நல்ல பெடியன்.

அப்புறம், நீ ஆவணியில் வருவதாக எழுதியிருக்கிறாய். வந்தால் ஒரு வேலை இருக்கிறது. குழாயில் ஆய்வுக்குக் கொடுத்தது போக மிச்சம் ஒரு ஜாம் போத்தல் நிறையச் சுரி குசினி யன்னலில் இருக்கிறது. மூடியை இறுக்கி வைத்திருக்கிறேன், உள்ளே இன்னும் கருப்பு. வீட்டுக்காரி தினமும் எடுத்து எறியச் சொல்கிறாள். வளவில் கொட்டலாம் என்றால் அவளுடைய கறிவேப்பிலை நிற்கிறது. கடலில் போடவும் மனம் வரவில்லை. எங்கே போடுவது என்று நீ வந்து சொல்லு.

உன் நண்பன்