தூணில் ஒட்டிய நீலம்

கணபதி, கோவை
24.11.2024

அன்புள்ள கண்ணு,

நலம். அம்மாவும் நலம். மழைக்கு முழங்கால் வலி கொஞ்சம் கூடியிருக்கிறது, மற்றபடி நடமாட்டம் உண்டு. நீயும் மாப்பிள்ளையும் நலம்தானே.

போனில் பேச வாய்க்காததால் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் ஐந்து நிமிடம் பேசுகிறாய். அவள் எழுந்து வந்து என்னிடம் கொடுப்பதற்குள் கட் ஆகிவிடுகிறது. மூன்று வாரமாக இப்படித்தான். சரி, கேட் தூணில் இடித்த நம் பத்மினி கார் என்ன ஆயிற்றோ என்று நீ மனதுக்குள் நினைத்துக்கொண்டிருப்பாய், விவரமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

பெரிய சேதம் ஒன்றும் இல்லை. இடது முன் மட்கார்டில் உள்ளங்கை அளவுக்கு ஒடுக்கு. அங்கிருந்து கதவு வரை முழ நீளத்துக்குக் கீறல். ஹெட்லைட் வளையம் நெளிந்திருந்தது, அதை நானே கழற்றி மரக்கட்டை மேல் வைத்துத் தட்டி நேராக்கிவிட்டேன். பம்பர் தப்பித்தது. கீறலை நகத்தால் வருடிப் பார்த்தேன். கதவுப் பக்கம் நகம் மாட்டவில்லை. அது மேல் கீறல்தான், ரப்பிங் காம்பவுண்டு போட்டுத் துணியால் தேய்த்தால் போய்விடும். ஒடுக்குக்குக் கிட்டே நகம் மாட்டுகிறது. அங்கே பெயின்ட், பிரைமர் எல்லாம் போய்த் தகரம் தெரிந்தது. இந்த மழையில் தகரம் இரண்டு நாள் வெறுமனே இருந்தால் துரு பிடித்துவிடும். அதனால்தான் அன்று சாயங்காலமே ரெட் ஆக்சைடு தொட்டு வைத்தேன். நீ மாடியிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றாய் என்று அம்மா பிறகு சொன்னாள். உன் மேல் கோபத்தில் செய்ததில்லை கண்ணு. துருவுக்காகச் செய்தது.

போன வாரம் உக்கடம் போய் டிங்கர் கடையில் காட்டினேன். பாய் இப்போது கடைக்கு வருவதில்லை, மகன் பார்க்கிறார். கையால் அழுத்திப் பார்த்துவிட்டு, இப்போது வருகிற வண்டியாக இருந்தால் மட்கார்டையே மாற்றச் சொல்லியிருப்பேன், இது நல்ல கனமான தகரம், உள்ளே டாலி என்கிற இரும்புக் கட்டையைக் கொடுத்து வெளியே தட்டினால் எழுந்துவிடும் என்றார். பள்ளத்தை நிரவப் பூசுகிற பட்டி மெல்லிசாக, இரண்டு கோட்டுக்கு மேல் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தடியாக அப்பினால் இன்றைக்கு வழவழவென்று இருக்கும், ஒரு வருடம் குலுங்கினால் வெடித்துக்கொண்டு வரும். பெயின்ட்தான் சிக்கல். டிக்கி மூடியைத் திறந்து உள்பக்கத்தைக் காட்டி, இந்த நீலம்தான் அசல் நிறம் என்றார். வெயில் படாத இடம் அல்லவா, நாம் வாங்கிய அன்று இருந்த நீலம் அங்கே அப்படியே இருக்கிறது. பானட்டைப் பார்த்தால் அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அசல் நீலத்தைக் கலந்து அடித்தால் மட்கார்டு மட்டும் வேறு வண்டியிலிருந்து கழற்றி மாட்டியது போலத் தெரியுமாம். வெளுத்த நீலத்துக்குத்தான் கண்ணால் பார்த்துப் பார்த்துக் கலக்க வேண்டும். அதையும் மழை நின்ற பிறகுதான் அடிக்க வேண்டும். ஈரக் காற்றில், சீக்கிரம் காய்கிற இந்த என்.சி. பெயின்ட் அடித்தால் வெள்ளை பூத்துவிடும். எல்லாம் சேர்த்து நாலாயிரம் ஆகும் என்றார். இன்ஷூரன்ஸ் பற்றி நீ கேட்டாயாம். நமக்கு இருப்பது தேர்ட் பார்ட்டி மட்டும்தான், அதில் இதற்கு ஒன்றும் கிடைக்காது. நீ பணம் அனுப்ப வேண்டாம். அனுப்பினால் திருப்பி அனுப்புவேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த வண்டி ஐந்தடி அகலம்கூட இல்லை. நம் கேட் ஒன்பதரை அடி. வண்டி வாங்கிய வருடம் நானும் பெரியப்பாவும் டேப் பிடித்து அளந்து கட்டிய தூண்கள் அவை. பதினெட்டு வயதிலிருந்து நீ அந்த வழியாகத்தான் வண்டியை உள்ளே எடுத்து வந்திருக்கிறாய், ஒரு நாளும் பட்டதில்லை. ராத்திரியில் வந்திருக்கிறாய், மழையில் வந்திருக்கிறாய். ஓட்டும்போது கவனம் ரோட்டில் இருக்க வேண்டும். மனம் சரியில்லாத நேரத்தில் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. கற்றுக்கொடுத்த முதல் நாளே சொன்னேன்.

நீ ஓட்டுகிற அழகை நான் நாலு பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டவன். குன்னூர் மலைப்பாதையில் பர்லியாறு தாண்டி மேலே போகிறபோது அந்தப் பஸ் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? உனக்குப் பத்தொன்பது வயது. வண்டியில் நாம் ஐந்து பேர். இன்ஜின் சூடேறி, நான் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றி அப்போதுதான் கிளப்பியிருந்தோம். பின்னால் பள்ளம். பின்சீட்டில் அப்பத்தா முருகா முருகா என்கிறாள். நான் இறங்கி ஓட்டட்டுமா என்று கேட்டேன். நீ பதில் சொல்லாமல் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, அந்த ஸ்டியரிங் கியரில் ரிவர்ஸ் போட்டு, நாற்பது அடி பின்னால் வந்து ஒதுங்கி நின்றாய். பஸ் டிரைவர் போகிறபோது உனக்குக் கை தூக்கிவிட்டுப் போனார். எனக்கு இல்லை, உனக்கு. பட்டறையில் அதை எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

அந்தப் பிள்ளைதான் ஒன்பதரை அடி கேட்டில் இடித்தது. அதுதான் எனக்குப் புரியவில்லை.

பூனாவில் உன் வண்டியை எடுப்பதே இல்லை, ஆட்டோவில்தான் ஆபீஸ் போகிறாய் என்று அண்ணன் சொன்னான். அப்படி விடாதே. பத்து நாளைக்கு ஒரு முறையாவது ஸ்டார்ட் பண்ணு, இல்லாவிட்டால் பேட்டரி இறங்கிவிடும். டயரும் ஒரே இடத்தில் நின்று தட்டையாகும். மாப்பிள்ளையை எடுக்கச் சொல்லலாம். அவருக்கு வேலை அதிகம் போலிருக்கிறது, தீபாவளிக்கு எப்போதும் போன் செய்வார், இந்த வருடம் வரவில்லை. பரவாயில்லை. நீயே எடு. ஒரு சின்ன இடியில் கை பயந்துவிட்டால் பிறகு திரும்ப வராது. பயத்தை வளர விடாதே.

2023 அக்டோபரில் பம்பாயில் கடைசி பத்மினி டாக்ஸியும் ஓய்ந்தது என்று பேப்பரில் வந்ததே, அந்தத் துண்டை வெட்டி ஆர்.சி. புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். இருபது வருடத்துக்கு மேல் டாக்ஸி ஓட்டக் கூடாது என்று அங்கே சட்டம். நம்முடையது 1986 மாடல், சொந்த வண்டி என்பதால் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை காட்டிப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். அடுத்தது 2026. குர்லாவில் செய்த வண்டி. நீ பூனாவுக்கு ஏறுகிற குர்லா எக்ஸ்பிரஸ்ஸும் அங்கேதான் போய் நிற்கிறது. உன்னை ஏற்றிவிட்டு வெறும் வண்டியில் திரும்புகிற ஒவ்வொரு தடவையும் எனக்கு அது தோன்றும். இந்தத் தடவை நீ என்னை ஸ்டேஷனுக்கு வர வேண்டாம் என்றுவிட்டாய்.

பதினைந்து நாள் லீவு என்று சொல்லி வந்தாய். இரண்டு பெரிய பெட்டி. தீபாவளிக்கு எதற்கு இவ்வளவு என்று அம்மா கேட்டதற்கு, சும்மாதான் என்றாய். சர்டிபிகேட் ஃபைலைக்கூட எடுத்து வந்திருந்தாய், அம்மா பார்த்திருக்கிறாள். ஆறாம் நாள் தத்கால் போட்டு, அதே இரண்டு பெட்டியோடு கிளம்பிவிட்டாய்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. நீ சொல்லும்போது சொல்.

அன்று சத்தம் கேட்டு நான் வெளியே வந்தேன். இன்ஜின் ஆஃப் ஆகியிருந்தது. நீ ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உள்ளேயே உட்கார்ந்திருந்தாய். நான் உன் பக்கம் வரவில்லை. நேராக இடது பக்கம் போய்க் குனிந்து மட்கார்டைத் தடவிப் பார்த்தேன். வளையத்தைத் தொட்டுப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் நிமிர்ந்தேன். நிமிர்ந்து, "இந்தத் தூண் நேத்து வெச்சதா?" என்று கேட்டேன். நீ அழுதுகொண்டிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். வண்டிக்காக அழுகிறாய் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். ராத்திரி சாப்பிடும்போதும் பேசவில்லை. நீ என்னிடம் ஏதோ சொல்வதற்காக வந்திருந்தாய் என்பது, நீ கிளம்பிப் போய் நாலு நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

இன்னொன்றும் இருக்கிறது. எழுதலாமா என்று மூன்று நாளாக யோசித்தேன். அம்மா இப்போது கோயிலுக்குப் போயிருக்கிறாள்.

டிக்கியின் வலது மூலையில் பட்டி பார்த்த இடம் இருக்கிறதே. அம்மா இடிச்ச இடம் என்று நாம் எல்லோரும் சொல்வோம். அதை இடித்தது அம்மா இல்லை.

1995. திருப்பூரில் ஒரு ஆர்டர் கைவிட்டுப் போன நாள். ராத்திரி பதினொன்றரைக்கு வந்து, பின்கட்டு லைட்டைப் போடாமல் ரிவர்ஸ் எடுத்துத் துவைக்கிற கல்லில் மோதினேன். இறங்கிப் பார்த்தேன். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன். காலையில் நான் எழுவதற்குள் அம்மா உன்னைப் பள்ளிக்கூடத்தில் விடுவதற்கு வண்டியை எடுத்துப் போய்விட்டாள். வ.உ.சி. மைதானத்தில் ஒரு மாதம் சுற்றிச் சுற்றிக் கற்று, லைசென்ஸ் வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. நன்றாக ஓட்டுவாள். உன் கை அவளுடைய கைதான், என்னுடையது இல்லை.

அவள் திரும்பி வந்தபோது பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். அவர்தான் முதலில் பார்த்தார். பொம்பளை கையில் வண்டியைக் கொடுத்தால் இப்படித்தான் என்றார். நான் பக்கத்தில் நின்றேன். அம்மா பின்னால் போய்ப் பார்த்தாள். பார்த்துவிட்டு என்னிடம் வந்து, "எங்க பட்டுச்சுன்னே தெரியலீங்க" என்றாள். முகம் வெளிறியிருந்தது. நான் சொல்லியிருக்கலாம். அண்ணன் எதிரில் சொல்ல வாய் வரவில்லை. அவர் போனதும் சொல்லலாம் என்று நினைத்தேன், மத்தியானம் ஆயிற்று, மறுநாள் ஆயிற்று. சாவியை சாமி படத்துக்குக் கீழே வைத்தாள். அதற்குப் பிறகு அவள் அதை எடுக்கவே இல்லை. லைசென்ஸ் இன்னும் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் கிடக்கிறது.

அடுத்த வருடம் உனக்கு 104 டிகிரி காய்ச்சல் வந்தது. நான் ஈரோட்டில் இருந்தேன். ராத்திரி ஒரு மணிக்கு உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டோ ஸ்டாண்டு வரை நடந்து போனாள். வண்டி போர்டிகோவில்தான் நின்றது, டேங்கில் பெட்ரோலும் இருந்தது. மறுநாள் வந்ததும், வண்டி நின்றதே எடுத்திருக்கலாமே என்று நான் அவளைக் கேட்டேன். கேட்டவனும் நான்தான்.

இருபத்தொன்பது வருடம் ஆகிறது. நீ ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த முகம் எனக்கு அன்றைக்கு அம்மாவுடைய முகமாகத் தெரிந்தது. அன்றும் நான் வண்டி பக்கம்தான் நின்றேன். அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டும். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடுவதற்கு முன் சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறேன். சொல்லிவிட்டால் கடைசியில் ஒரு வரி சேர்க்கிறேன்.

தீபத்துக்கு முன்னால் தூணுக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும் என்கிறாள். உன் நீலம் கொஞ்சம் அதில் ஒட்டியிருக்கிறது. இப்போதைக்கு இருக்கட்டும் என்றேன்.

உன் வண்டியை ஸ்டார்ட் பண்ணு. பேட்டரிக்காகச் சொல்கிறேன். தூங்காமல் ஓட்டாதே. நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரியில் போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொள், எந்த நேரத்தில் வேண்டுமானாலும் அடி, எனக்கு மூன்று மணிக்கே தூக்கம் கலைந்துவிடுகிறது. இங்கே வருவதற்கு முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்றில்லை, எத்தனை நாள் என்றும் சொல்ல வேண்டாம். மாடி அறையில் பெட்டி இரண்டும் வைக்கிற மாதிரி பழைய பேப்பரை எல்லாம் போட்டு இடம் ஒழித்திருக்கிறேன்.

பத்மினியின் இரண்டாவது சாவியை இத்துடன் வைத்திருக்கிறேன், அதனால் ரிஜிஸ்டர் தபால். கேட் சாவியும் அதே வளையத்தில் இருக்கிறது. கதவுப் பூட்டு மழைக்கு இறுகியிருக்கிறது. சாவியை முழுக்க உள்ளே விட்டு, ஒரு நூல் வெளியே இழுத்துத் திருப்பு. திறக்கும்.

அன்புடன்,
அப்பா

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய் டிக்கியின் அந்த மூலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். இன்று ராத்திரி அவளே உனக்குப் போன் செய்வாள் என்று நினைக்கிறேன், எடு.