செயலாளர் ஆண்டறிக்கை: புகை வண்டியும் தொட்டி மூடியும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, தாய்மார்களே, பெரியோர்களே, வணக்கம்.

மேற்கு மாம்பலத்தில் நம் தெருக் குடியிருப்போர் சங்கத்தின் சென்ற ஆண்டுப் பணிகளை உங்கள் முன் வைக்கிறேன். செயற்குழு மாதம் தவறாமல் கூடியது. ஒரு மாதம் மட்டும் கூட்டம் நடத்தப் போதிய ஆள் சேராமல் டீ குடித்துவிட்டுக் கலைந்தோம். பொங்கல் விழா, கோலப் போட்டி, தெருவிளக்கு, வேகத்தடை எல்லாம் படத்தோடு வாட்ஸ்அப் குழுவில் வந்துவிட்டதால் திரும்பப் படிக்கவில்லை. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இந்த ஆண்டு சங்கத்தின் நேரத்தைத் தின்றது நோய்தான். ஆகவே அறிக்கையும் அதைப் பற்றித்தான்.

முதலில் கொசு. மாம்பலத்துக்கும் கொசுவுக்கும் உள்ள உறவு ஊரறிந்தது. இந்தப் பக்கம் பெண் கொடுக்கவே யோசிப்பார்கள் என்று நம் பெரியவர்கள் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். அந்தக் காலத்தில் அவர்களைப் படுத்தியது க்யூலெக்ஸ். சாக்கடையில் வளர்ந்து, இரவில் கடித்து, யானைக்கால் நோயைப் பரப்பியது. இப்போது நம்மைப் படுத்தும், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் வேறு ரகம். தேங்கிய நல்ல தண்ணீரைத் தேடி முட்டையிடும், பகலில் கடிக்கும். ஐப்பசி மழை பிடித்ததும் தெருவில் நாலு வீட்டில் காய்ச்சல் வந்தது. இரண்டு பேருக்கு டெங்கு என்று ரத்தப் பரிசோதனையில் உறுதியானது. அன்றிலிருந்து எனக்கு வந்த ஃபோன்களில் முக்கால்வாசி ஒரே ரகம்: "சார், புகை வண்டியை வரச் சொல்லுங்க."

கொசுவுக்குப் புகை அடிக்கும் அந்த வண்டியை வரச் சொன்னோம். இரண்டு முறை வந்தது. பிள்ளைகள் பின்னாலேயே ஓடினார்கள், எல்லோருக்கும் திருப்தி. ஆனால் அந்தப் புகை பறக்கிற கொசுவின் மேல் பட்டால்தான் கொல்லும். தண்ணீரில் நெளிகிற புழுவை அது ஒன்றும் செய்யாது. ஏடிஸ் கொசுவோ திரைச்சீலைக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில், தொங்கவிட்ட சட்டையில் உட்கார்ந்திருக்கும். வண்டிச் சத்தம் கேட்டதும் நாம் என்ன செய்கிறோம்? ஜன்னலை அடைத்துக்கொள்கிறோம். கொசுவும் நம்மோடு உள்ளே பத்திரமாக இருக்கிறது.

இதை எனக்குப் புரியவைத்தவர் மாநகராட்சியின் கொசுப்புழு ஒழிப்புப் பணியாளரான ஓர் அம்மா. வீடு வீடாக டார்ச்சோடு வருவாரே, பாதிப் பேர் "எங்க வீட்ல எல்லாம் சுத்தமா இருக்கும்மா" என்று வாசலிலேயே திருப்பி அனுப்புவோமே, அவர்தான். நானும் அதையே சொன்னேன். "ஒரு நிமிஷம் சார்" என்று உள்ளே வந்தவர், நேராக ஃபிரிஜ்ஜுக்குப் பின்னால் கையை விட்டு, அடியில் தண்ணீர் சொட்டும் தட்டை உருவினார். இருபது வருஷமாக அந்த வீட்டில் இருக்கிறேன், அப்படி ஒரு தட்டு இருப்பதே எனக்குத் தெரியாது. தண்ணீரை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றி டார்ச் அடித்தார். நூல் துணுக்குகள் மாதிரி பத்துப் பன்னிரண்டு, மேலே வந்து மூச்சு வாங்கி, வெளிச்சம் பட்டதும் நெளிந்து கீழே இறங்கின. "நீங்கதானே சார் சங்கத்துச் செகரட்டரி?" என்று மட்டும் கேட்டார்.

அதன் பிறகு வாரா வாரம் நம் தொண்டர்கள் இரண்டு பேர் அவரோடு போனார்கள். கிடைத்தவை: யாரும் மாவாட்டாத ஆட்டுக்கல்லின் குழி, மணி பிளான்ட் பாட்டில், மொட்டைமாடியில் கவிழ்க்காமல் விட்ட பெயின்ட் டப்பா, கொட்டாங்குச்சி, மூடி உடைந்த தண்ணீர்த் தொட்டி. முட்டை பெரிய கொசுவாகப் பறக்க நம் ஊர் வெயிலில் ஏழு முதல் பத்து நாள் போதும். அதனால்தான் வாரம் ஒருமுறை என்ற கணக்கு. தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை பாத்திரத்தின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அடுத்த மழையில் பொரியும். நார் போட்டுத் தேய்த்தால்தான் போகும். இந்தக் கொசு பொதுவாகச் சில நூறு மீட்டருக்கு மேல் போகாது. ஆகவே நம்மைக் கடிப்பது பெரும்பாலும் நம் வீட்டுக் கொசு, இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக் கொசு. கூவத்தைத் திட்டிப் பயனில்லை.

மாடித் தொட்டியையும் கிணற்றையும் மூடச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நகரத்து மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் ஸ்டெபென்சி என்ற கொசு வளர்வது அங்கேதான். மொத்தமாக மூடி வாங்கிக் கொடுத்தோம். ஒரு வீட்டுக்காரர் மட்டும் "என் மாடி, என் தொட்டி, சங்கத்துக்கு என்ன?" என்றார். அவருக்காக 1939-ம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தைத் தேடிப் படித்தேன். சென்னை மாகாணம் அன்றே போட்ட சட்டம். இந்தியாவில் இந்த வகையில் இதுதான் முதல். கொசு ஒழிப்புக்கென்றே அதில் தனி அத்தியாயம் இருக்கிறது. சட்டத்தைக் காட்டியும் அவர் மசியவில்லை. பேரனுக்குக் காய்ச்சல் வந்ததும் மூடி கேட்டு அனுப்பினார். நிலவேம்புக் குடிநீர் இரண்டு ஞாயிறு கொடுத்தோம், நல்ல கூட்டம். கசப்பைக் குடித்தாயிற்று என்று தொட்டியைத் திறந்து வைத்துவிட வேண்டாம்.

அடுத்தது தண்ணீர். கார்த்திகையில் தெருவின் கீழ்க்கோடியில் மூன்று வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரே நாளில் வாந்தி, வயிற்றுப்போக்கு. குழாயில் சாக்கடை வாடை. சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் புகார் கொடுத்தோம். வந்து தோண்ட ஒன்பது நாள் ஆயிற்று, அதுவரை லாரித் தண்ணீர். அந்த ஒன்பது நாளைப் பற்றி நான் எழுதிய கடிதங்கள் கோப்பில் இருக்கின்றன. சூடு அதிகம், வேண்டியவர்கள் படித்துக்கொள்ளலாம்.

தோண்டியபோது தெரிந்ததைத்தான் சொல்ல வேண்டும். குடிநீர்க் குழாயில் விரிசல், பக்கத்திலேயே கழிவுநீர்க் குழாய். தண்ணீர் விடும் நேரத்தில் குழாய்க்குள் அழுத்தம் இருக்கும், வெளியே உள்ள அழுக்கு உள்ளே வராது. விடாத நேரத்தில் குழாய் காலி. அப்போது நம்மில் சிலர் குழாயிலேயே மோட்டாரை நேராகப் பூட்டி உறிஞ்சுகிறோம். வராத தண்ணீருக்குப் பதில் விரிசல் வழியாகச் சாக்கடை வருகிறது. மோட்டார் ஒரு வீட்டில், பேதி மூன்று வீட்டில். தோண்டிய அன்று ஐந்து மோட்டார்கள் கண்ணில் பட்டன. பெயர் வாசிக்கவில்லை, அவர்களுக்கே தெரியும்.

இப்போது சங்கத்தில் ஒரு குளோரோஸ்கோப், அதாவது தண்ணீரில் குளோரின் அளவைப் பார்க்கும் பெட்டி, இருக்கிறது. குழாய்த் தண்ணீரைக் கண்ணாடிக் குழலில் பிடித்து மருந்து சொட்டுவிட்டால் மஞ்சள் நிறம் வரும். அதைப் பெட்டியில் உள்ள வண்ணத்தோடு ஒப்பிட வேண்டும். தெருவின் கடைசிக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். நிறமே வராவிட்டால் அந்தத் தண்ணீரை நம்பக்கூடாது. "குளோரின் வாடை அடிக்குது" என்று புகார் சொல்பவர்களுக்கு என் பதில்: அடிக்கட்டும். புழல் ஏரித் தண்ணீரை வடிகட்டிக் கொடுக்கக் கீழ்ப்பாக்கம் நீர் நிலையம் வந்தது 1914-ல். அப்படியும் 1992 கடைசியில் இதே சென்னையில் ஓ139 என்ற புது வகைக் காலரா தலைகாட்டியது. பழைய காலரா வந்து எதிர்ப்புச் சக்தி பெற்ற பெரியவர்களையும் அது விடவில்லை. கிருமி வேஷம் மாற்றிக்கொண்டது, ஆனால் குளோரின் கலந்த தண்ணீர் பழைய வகைக்கும் புது வகைக்கும் ஒரே மாதிரிதான் வேலை செய்தது.

மூன்றாவது விஷயம் சொல்லச் சங்கடமானது. நம் தெருவில் வாடகைக்கு இருக்கும் ஒரு குடும்பத்தில் ஒருவருக்குக் காசநோய் என்று தெரிந்து, அவர்களைக் காலி செய்யச் சொல்ல வேண்டும் என்று மூன்று உறுப்பினர்கள் கையெழுத்திட்டு மனு கொடுத்தார்கள். எந்த வீடு என்று இங்கே யாரும் கேட்க வேண்டாம். மனுவை நான் செயற்குழுவில் வைக்காமல் என் பையிலேயே வைத்துக்கொண்டேன். விதிப்படி அது தவறு, ஒப்புக்கொள்கிறேன்.

மின்சார ரயிலில் தாம்பரம் சானடோரியம் என்று ஒரு ஸ்டேஷன் வருகிறதே, ஊருக்கு வெளியே ஒதுக்கி வைத்துக் காசநோய்க்கு வைத்தியம் பார்த்த காலத்தின் பெயர் அது. அந்த வழக்கத்தை மாற்றியதும் சென்னைதான். 1956-ல் இங்கே தொடங்கிய ஆய்வு மையம், இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது, ஒரு பகுதி நோயாளிகளைச் சானடோரியத்திலும் மற்றவர்களை அவரவர் நெருக்கடியான வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. 1959-ல் முடிவு வெளியானது. குணமாவதில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் வைத்துப் பார்த்ததால் குடும்பத்தாருக்குத் தொற்று கூடவும் இல்லை. மருந்தை ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கிய சில வாரங்களிலேயே பரப்பும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். ஆபத்து, இருமலை மறைத்துக்கொண்டு பரிசோதனைக்கே போகாதவரிடம்தான். வீட்டைக் காலி செய்ய வேண்டிவரும் என்று பயந்தால் யார் போவார்கள்?

அந்தக் குடும்பம் இங்கேதான் இருக்கிறது. ஆறு மாத மாத்திரை முடிந்துவிட்டது. மனுக் கொடுத்தவர்களில் ஒருவர் கையெழுத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். மற்ற இருவர் இன்னும் என்னோடு பேசுவதில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை இலவசம் என்பதை அவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

போலியோ சொட்டு மருந்து முகாம் வழக்கம்போல் நம் சங்க அறையில் நடந்தது. இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோ கிருமியால் கடைசி நோயாளி கண்டறியப்பட்டது 2011-ல். அதன் பிறகு பிறந்த பிள்ளையின் அம்மா "இன்னும் எதுக்கு சார்?" என்று கேட்டார். பக்கத்தில் சொட்டு மருந்துப் பெட்டியோடு உட்கார்ந்திருந்த செவிலியர் பதில் சொல்லாமல், குழந்தையின் வாயைத் திறந்து இரண்டு சொட்டு விட்டுவிட்டு, விரலில் மை வைத்தார்.

நிலுவையில் உள்ளவை: மூலைக் காலி மனையில் டயர்கள் இன்னும் கிடக்கின்றன, உரிமையாளர் முகவரி கிடைக்கவில்லை. பதினோரு வீடுகளின் சந்தா பாக்கி. ஐந்து மோட்டார்களில் மூன்று கழற்றப்பட்டுவிட்டன. குளோரோஸ்கோப் பெட்டியின் சாவி இனி பொருளாளரிடம் இருக்கும். என்னிடம் இரண்டு முறை தொலைந்துவிட்டது.

குடிநீர்க் குழாயில் நேரடியாக மோட்டார் பூட்டும் வீட்டைச் சங்கமே எழுத்து மூலம் எச்சரிக்கலாம் என்ற தீர்மானத்தோடு இவ்வறிக்கையைச் சபை முன் வைக்கிறேன். முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர் கை தூக்குங்கள். டிபன் அதற்குப் பிறகுதான்.

இப்படிக்கு,
செயலாளர்