இரண்டாம் கட்டுக்கும் வந்துவிட்டது

அன்புள்ள தம்பிக்கு,

அப்பச்சி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். போன வாரம் பேச்சு பாதியில் அறுந்ததும், "பெரிய நெட் பிளானுக்கு மாத்துங்க அப்பச்சி" என்றாய். மாற்றவில்லை. கோளாறு பிளானில் இல்லை, நம் வீட்டில்.

சிரிக்காதே. இத்தனை நாளும் வைஃபையும் இணையமும் ஒன்று என்றே நினைத்திருந்தேன். தெருக் கம்பத்திலிருந்து கண்ணாடி இழைக்குள் ஒளியாக வருவது இணையம். அது முகப்பில் உள்ள பெட்டியோடு சரி. அங்கிருந்து போனுக்கு ரேடியோ அலையில் வருவதுதான் வைஃபை. பெட்டியில் கம்பி செருகி மடிக்கணினியில் வேகம் பார்த்தேன், 94 மெகாபிட். வீட்டின் பின்பகுதியில், ஆத்தா இருக்கும் இரண்டாம் கட்டில் போனில் பார்த்தால் 3! வைஃபை அலை இரண்டு வகை. 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். 2.4 மெதுவானது, கொஞ்சம் ஊடுருவும். ஐயா கட்டிய சுண்ணாம்புச் சுவரிடம் இரண்டுமே தோற்றன.

கனெக்‌ஷன் கொடுக்க வந்த பையன் பர்மா தேக்கு நிலையில் துளை போடலாம் என்றான். வாசலோடு அனுப்பியிருப்பேன், ஆத்தா தடுத்தாள். கடைசியில் வளவுத் தாழ்வாரத்தின் ஓரமாகவே கம்பி இழுத்து, இரண்டாம் கட்டில் இன்னொரு பெட்டி வைத்தாயிற்று.

இன்னொன்று. 100 என்று சொல்லி 12தான் தருகிறார்கள் என்று சண்டைக்குக் கிளம்பினேன். பிளானில் சொல்வது பிட், கோப்பு இறங்கும்போது காட்டுவது பைட், எட்டு பிட் ஒரு பைட் என்று அந்தப் பையன்தான் சொன்னான். நீ படித்த காலத்தில் போன் லைனிலேயே நெட் கொடுத்த மோடம் கீச்சிட்டுக் கொண்டே எட்டிய உச்சம் 56 கிலோபிட். அதற்கே வீட்டு போன் மணிக்கணக்கில் எங்கேஜ்டாக இருக்கும், ஆயா திட்டுவார்கள்.

நெட் சரியானதும், பர்மாவில் மோல்மீன் ஊரில் இருந்த ஐயாவின் கடையைத் தேடினேன். பெட்டகத்தில் அந்தக் கடிதக்கட்டு இருக்கிறதல்லவா? ஆளிடம் விசாரிப்பது போல நீளமாகக் கேள்வி எழுதினேன், சுற்றுலா விளம்பரமாக வந்தது. அப்புறம்தான் விளங்கியது. நாம் கேட்டபிறகு கூகுள் உலகம் முழுக்க ஓடிப் பார்ப்பதில்லை. பக்கங்களை முன்கூட்டியே படித்து, எந்தச் சொல் எங்கே இருக்கிறது என்று பதிந்து வைத்திருக்கிறது. நாள்வாரியாகக் குறிப்பில் எழுதியதை ஆள்வாரியாகப் பேரேட்டில் ஏற்றுவோமே, அதே வேலை. நாம் தேடுவது பேரேட்டில். அங்கே எந்தப் பெயரில் பற்று வைத்திருக்கிறார்கள் என்று யோசிக்க வேண்டும்.

மோல்மீனுக்கு அங்கே இப்போது வேறு பெயர். 1989இல் ரங்கூன் யாங்கோன் ஆனபோது, இதுவும் மௌலமியைன் ஆனது. கடிதத்தில் உள்ள 'லோயர் மெயின் ரோடு' என்பதை ஆங்கிலத்தில் இரட்டை மேற்கோள் குறிக்குள் அடித்து, பக்கத்தில் ஊரின் புதுப்பெயரைப் போட்டேன். மேற்கோள் குறி போட்டால் அந்தச் சொற்களை அதே வரிசையில்தான் தேடும். இல்லையென்றால் ஊரில் உள்ள மெயின் ரோடெல்லாம் வந்து நிற்கும். தெரு கிடைத்துவிட்டது தம்பி, வரைபடத்தில்! கடை எந்த இடம் என்று மட்டும் பிடிபடவில்லை. கடிதத்தைப் படமெடுத்து அனுப்புகிறேன், கதவிலக்கம் ஏழா ஒன்றா என்று பார்த்துச் சொல்.

ஆத்தா இன்றைக்கு ராத்திரி இரண்டாம் கட்டிலிருந்தே வீடியோவில் கூப்பிடுவாள். எடு. சீப்புச் சீடை சுட்டதைக் காட்ட வேண்டுமாம்.

அன்புடன்,
அப்பச்சி