எதிர்ப்பு சக்தி கூடவே கூடாதவர்களும் இருக்கிறார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உறுப்பு தானம் செய்தவர்களின் உடலுக்கு அரசு மரியாதை என்று 2023 செப்டம்பரில் முதல்வர் அறிவித்ததிலிருந்து, அந்தச் செய்திகளுக்கு நம் பத்திரிகை நல்ல இடம் தருகிறது. மகிழ்ச்சி. ஆனால் உறுப்பை வாங்கிக்கொண்டவர் அதன்பிறகு எப்படி வாழ்கிறார் என்று யாரும் எழுதுவதில்லை. பக்கத்தைப் புரட்டினால் ‘நோய் எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் உணவுகள்’ வந்துவிடுகிறது. அதையும் அவர்தான் படிக்கிறார்.

நான் அம்பாசமுத்திரத்தில் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். எதிர்ப்பு சக்தியை அடக்கும் டாக்ரோலிமஸ், மைக்கோபீனோலேட் மாத்திரைச் சீட்டோடு வருகிறவர்களைப் பார்த்தாலே பெரும்பாலும் கிட்னி மாற்றியவர்கள் என்று தெரிந்துவிடும். மருந்தை வாங்கிவிட்டு, “அண்ணாச்சி, எதிர்ப்பு சக்திக்கு ஒரு லேகியமோ சீந்தில் மாத்திரையோ இருந்தா சேர்த்துப் போடுங்க” என்று வீட்டுக்காரர்களும் கேட்பதுண்டு. பாசத்தில்தான் கேட்கிறார்கள். எதிர்ப்பு சக்தியை அடக்கி வைத்திருப்பதால்தான் அந்தக் கிட்னி உயிரோடு இருக்கிறது என்பதை அவர்களுக்கு யாரும் பொறுமையாகச் சொல்லவில்லை.

அதைக் கண்டுபிடித்தவர்களின் வரலாற்றை எழுதினாலே பாதி வேலை முடியும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், கிளாஸ்கோவில் தீக்காயப்பட்ட ஒரு பெண்ணுக்குத் தோல் ஒட்டிப் பார்த்தார் பிரிட்டிஷ் விஞ்ஞானி பீட்டர் மெடவார். அந்தப் பெண்ணின் சொந்தத் தோல் ஒட்டிக்கொண்டது. கூடப்பிறந்த சகோதரனின் தோல்கூட ஒட்டாமல் உதிர்ந்தது. அதே சகோதரனின் தோலை இரண்டாம் முறை வைத்தபோது இன்னும் சீக்கிரமாக உதிர்ந்தது. உடம்பு அந்நியத் தோலை அடையாளம் கண்டு நினைவில் வைத்திருக்கிறது என்று 1943-இல் வெளியான அந்த ஆய்வு காட்டியது. 1954-இல் பாஸ்டனில் முதல் கிட்னி மாற்று வெற்றி பெற்றதற்குக் காரணம், கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே உருவ இரட்டையர்கள். மற்றவர்கள் மருந்துக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. ஜப்பானின் சுகுபா மண்ணில் 1984-இல் கண்டெடுத்த ஒரு பாக்டீரியாவிலிருந்து வந்ததுதான் நான் தினமும் எடுத்துக் கொடுக்கிற டாக்ரோலிமஸ். அந்நிய உறுப்பைத் தாக்கும் எதிர்ப்புச் செல்களான டி செல்களைக் கிளப்பிவிடும் சமிக்ஞையை அது தடுக்கிறது.

தடை விலகினால் அந்தச் செல்கள் மறுபடி கிளம்பும். பல வருஷம் நன்றாக இருந்தவர், “இனி எதுக்கு மாத்திரை?” என்று நிறுத்தினால் கிட்னி கைவிட்டுப் போகலாம். பல நேரம் வலிகூட இருக்காது, கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறின பிறகுதான் தெரியவரும். ரத்தத்தில் மருந்தின் அளவு கூடினாலும் ஆபத்து. பம்ப்ளிமாஸ் பழமும், கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக்கும், பூஞ்சைத் தொற்றுக்கான ஃப்ளூகோனசோல் மாத்திரையும் அளவைக் கூட்டிவிடும். காசநோய்க்குக் கொடுக்கிற ரிஃபாம்பிசின் குறைத்துவிடும். காய்ச்சலுக்குப் பக்கத்து கிளினிக்குக்குப் போனாலும், “நான் கிட்னி மாத்தினவன்” என்பதை முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும்.

அப்புறம், 2025-இல் மருத்துவ நோபல் பரிசு பெற்ற ஷிமோன் சகாகுச்சி. எதிர்ப்புச் செல்களை அடக்கும் செல்களும் உடம்பிலேயே இருக்கின்றன என்று அவர் சொன்னபோது துறையில் பலர் அந்தக் கருத்தையே கைவிட்டிருந்தார்கள். அவர் விடவில்லை. 1995-இல் எலிகளில் அந்தச் செல்களைத் தனியே பிரித்துக் காட்டினார். அவை இல்லாத எலிகளின் உடம்பு தன்னையே தாக்கிக்கொண்டது. பரிசில் பங்கு பெற்ற மேரி பிரங்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெலும் அதற்குப் பின்னால் இருக்கும் மரபணுவைக் கண்டறிந்தவர்கள். இந்தச் செல்களைப் பெருக்கி உறுப்பு மாற்றியவர்களுக்குச் செலுத்தி, மாத்திரையைக் குறைக்க முடியுமா என்று இப்போது மனிதர்களிடம் சோதனை நடக்கிறது. இதைப் படிக்கும்போது எனக்கு உண்மையிலேயே நெஞ்சு நிறைகிறது. ஆனால் இது இன்னும் ஆய்வு நிலைதான். இதை நம்பி இன்றைக்கு யாரும் ஒரு வேளை மாத்திரையைக்கூட விடக்கூடாது.

எனவே இரண்டு கோரிக்கைகள். எதிர்ப்பு சக்தி பற்றிய கட்டுரை எது வந்தாலும், ‘உறுப்பு மாற்று செய்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைப் பின்பற்ற வேண்டாம்’ என்று கீழே ஒரு வரி போடுங்கள். சகாகுச்சியின் ஆய்வைப் பற்றி முழுப் பக்கக் கட்டுரை ஒன்றை, பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியின் சிறுநீரக மருத்துவர்களிடம் கேட்டு எளிய தமிழில் வெளியிடுங்கள். வெட்டி எடுத்துக் கடையில் ஒட்டி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மருந்துக் கடை ஊழியர்,
அம்பாசமுத்திரம்.