சாரமும் ஒரு வரியும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில், ஆட்டிசத்தோடு தொடர்புள்ள ஷாங்க்3 மரபணு பற்றிய கட்டுரையில், "மரபணுக் கோளாறு என்பதால் பெற்றோரிடமிருந்தே பிள்ளைக்கு வருகிறது" என்று போகிறபோக்கில் ஒரு வரி. எழுதியவருக்கு அது ஒரு வரி. என் மகளுக்கு இந்தக் கோளாறு. எங்கள் வீட்டில் அது பதினோரு வருடச் சண்டை. "யார் வழியில் வந்தது?" என்று ஓயாமல் கேட்பவர் அந்தப் பக்கத்தை மடித்து, அடிக்கோடிட்டு, என் கையிலேயே கொடுத்தார்.

தாங்கள் அறியாததல்ல. 22ஆவது குரோமோசோமின் நுனியில் இருக்கும் இந்த மரபணு பெரும்பாலான பிள்ளைகளிடம் புதிதாகத்தான் பழுதாகிறது. சில குடும்பங்களில் பெற்றோரின் குரோமோசோமில் துண்டு இடம் மாறியிருக்கலாம். அதைப் பார்க்கத்தான் சோதனை. எங்கள் இருவருக்கும் பார்த்தார்கள். இருவரிடமும் இல்லை. இதைச் சொல்ல இடமில்லாத தங்களுக்கு, முழுப்பக்க மூளைப் படத்துக்கு மட்டும் இடமிருந்தது.

படத்தின் கீழே, இந்த மரபணு உண்டாக்கும் புரதத்துக்கு 'சாரம்' என்று பெயர் வேறு. சாரம் என்றால் கட்டடம் முடிந்ததும் அவிழ்த்துவிடுவது. இந்தப் புரதமோ நரம்பணுக்கள் சந்திக்கும் இடத்தில், சேதி வாங்கும் பக்கத்தில், மற்றப் புரதங்களோடு கைகோத்து சேதியைப் பிடிக்கும் குளூட்டமேட் ஏற்பிகளை, அணுவைத் தாங்கும் ஆக்டின் இழைகளோடு பிணைத்தபடியே நிற்க வேண்டும். மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று போனாலே ஆட்டம் காணும். 2016இல், இந்த மரபணு இயங்காமலே வளர்ந்து முடிந்த சுண்டெலிகளில் அதை மீண்டும் இயங்க வைத்தபோது, உடம்பை ஓயாமல் தேய்த்துப் புண்ணாக்கும் பழக்கம் குறைந்தது. வேலை முடிந்த சாரமென்றால் குறைந்திருக்குமா?

என் மகள் ஒருமுறை சூடான இஸ்திரிப் பெட்டியில் உள்ளங்கையை வைத்தாள். தோல் வெந்த வாடை வந்துதான் ஓடினேன். அழவில்லை, கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலி மந்தமாக இருப்பதும் இந்தக் குறைபாட்டில் சேர்ந்ததுதான். கட்டுப்போட்டவர் கேட்டது: "அம்மா என்ன செஞ்சிட்டிருந்தீங்க?" ஒரு காலத்தில் தாய்க்குப் பாசம் போதாததால் ஆட்டிசம் என்றார்கள். இப்போது மரபணுவாம். முன்னேற்றம்தான், குற்றவாளி மட்டும் மாறவில்லை.

மூன்று வருடம் முன்பு கைபேசியால் ஆட்டிசம் என்று தாங்கள் வெளியிட்டபோதும் எழுதினேன். அந்தக் கடிதம் வழியில் தொலைந்திருக்கும் என்றே இன்றுவரை நம்புகிறேன்.

கேட்பது பெரிதல்ல. அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம். படிக்கிற எழுத்தளவில் இருக்கட்டும். நானும் ஒரு பக்கத்தை மடித்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர் ஒருத்தி