தசைச்சிதைவுப் பிள்ளைகளின் இதயத்தையும் பாருங்கள்

மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். திருவாரூர், நாகை மாவட்டக் கிராமங்களில் வீடு வீடாகப் போய் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் இயன்முறை மருத்துவர் நான். அவர்களில் டுஷென் தசைச்சிதைவு என்ற, தசைகள் படிப்படியாக வலுவிழக்கும் மரபணு நோய் உள்ள பையன்களுக்காக இதை எழுதுகிறேன்.

கால் தளர்வதை ஊரே பார்க்கிறது. இதயமும் தசைதான், அதுவும் சேர்ந்தே சிதைகிறது என்பதைப் பல வீடுகளில் யாரும் சொல்லியிருப்பதில்லை. மூச்சிரைத்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க முடியாது. ஓடாத, படி ஏறாத பிள்ளைக்கு மூச்சு எப்படி இரைக்கும்? வயிற்று வலி, வாந்தி, சாப்பாடு இறங்காமை, ராத்தூக்கம் கெடுவது என்றுதான் இதயத் தளர்ச்சி வெளியே தெரியும். வீட்டிலோ பூச்சி மாத்திரை வாங்கிக் கொடுப்பார்கள்.

ஒலியலையால் இதயத்தைப் படம் பார்க்கும் எக்கோ அவசியம்தான். இதயம் ரத்தத்தைத் தள்ளும் வலு குறைந்தால் அது காட்டிவிடும். ஆனால் வலு குறையும் முன்பே இதயத் தசையில் தழும்பு விழத் தொடங்குகிறது, பெரும்பாலும் இடது கீழறையின் வெளிப்பக்கச் சுவரில். காடோலினியம் மருந்து ஏற்றி எடுக்கும் இதய எம்ஆர்ஐயில்தான் அது தெரியும். 2018இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல், நோய் உறுதியானதுமே இதயப் பரிசோதனை, பிறகு ஆண்டுதோறும் என்கிறது. மயக்க மருந்து இல்லாமல் அசையாது படுக்கக்கூடிய ஆறேழு வயதிலிருந்து எம்ஆர்ஐ எடுக்கலாம். அறிகுறியே இல்லாவிட்டாலும் 10 வயதுக்குள், இதயத்தின் சுமையைக் குறைக்கும் எனலாப்ரில் வகை மாத்திரையைத் தொடங்கவும் சொல்கிறது. விலை மலிந்த மாத்திரை அது!

புதிதாகக் கணக்கெடுக்க வேண்டாம். தசைச்சிதைவுக்கு மாதாந்திர உதவித்தொகை வாங்குவோர் பட்டியல் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகங்களில் இருக்கிறது. அதை வாங்கி, ஒவ்வொரு பிள்ளைக்கும் எக்கோ தேதியை நீங்களே குறித்துக் கொடுங்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மாதம் ஒரு நாளை இவர்களின் இதய எம்ஆர்ஐக்கு ஒதுக்குங்கள். அன்று வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சக்கர நாற்காலியோடு ஏறும் வண்டியும் வேண்டும். வளர்ந்த பையனைத் தூக்கிக்கொண்டு பஸ் மாறும் அம்மாவிடம் வருடாவருடம் வாருங்கள் என்று மட்டும் சொல்வது நியாயமில்லை.

அந்த அம்மாவுக்கும் எக்கோ எடுங்கள். இந்த மரபணுக் குறையைச் சுமக்கும் பெண்களுக்கும் இதயத் தசை பலவீனப்படலாம். அவர்களை யாரும் கேட்பதே இல்லை.

ஜூனில் பள்ளி திறந்ததும் மருத்துவக் குழுக்கள் ஊர்களுக்குக் கிளம்பும். அதற்குள் உங்கள் உத்தரவு டெல்டா மாவட்டங்களுக்கு வந்துசேர வேண்டும்.

இப்படிக்கு,
ஓர் இயன்முறை மருத்துவர், திருத்துறைப்பூண்டி